மின்விசிறி ஓடாத ராத்திரி

வாக்மேன் பிறந்த கதையும் சரி, இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் பிறந்த கதையும் சரி, விமானப் பயணத்தில்தான் தொடங்குகின்றன. சோனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மசாரு இபுகாவுக்கு நீண்ட விமானப் பயணங்களில் ஆபரா கேட்க ஆசை. கூடவே தூக்கிப்போன டேப் ரெக்கார்டரோ கனத்தது. சின்னதாக ஒன்று செய்துகொடுங்கள் என்று தன் ஆட்களிடம் கேட்டார். 1979 ஜூலையில் அது வாக்மேனாகக் கடைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, சூரிச்சிலிருந்து அமெரிக்கா திரும்பிக்கொண்டிருந்த அமர் போஸ், விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனை மாட்டிப் பார்த்தார். எஞ்சின் இரைச்சலில் பாட்டு எடுபடவில்லை. வெள்ளைக்காரனிடம் தப்பி வங்காளத்திலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஒரு விடுதலைப் போராளியின் மகன், எம்.ஐ.டி.யில் பேராசிரியர். சும்மா இருப்பாரா? விமானத்தில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அந்தக் கணக்கு விமானிகளுக்கான ஹெட்செட்டாக விற்பனைக்கு வர 1989 ஆயிற்று.

இருவரும் ஒன்றையேதான் கேட்டார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. இபுகா, இசையைக் கூட எடுத்துப்போக வழி கேட்டார். போஸ், இரைச்சலை வெளியே நிறுத்த வழி தேடினார். முதல் வேலையை இன்று எல்லாருடைய சட்டைப்பையும் செய்துவிடுகிறது. இரண்டாவது இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. விடுமுறைக்குக் கிளம்பும்போது நல்ல ஒலியில் பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறவர்கள், என்ன ஹெட்ஃபோன், எத்தனை ஆயிரம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். எங்கே கேட்பது, எந்த நேரத்தில் கேட்பது என்று யோசிப்பதே லாபம் என்பது என் கட்சி.

கொஞ்சம் எண்கணக்கு சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். குறுந்தகட்டில் ஒரு நொடி இசை, காதுக்கு 44,100 துணுக்குகளாக, ஒவ்வொன்றும் 16 பிட்டில் பதிவாகிறது. இரண்டு காதுக்கும் சேர்த்து நொடிக்கு 1,411 கிலோபிட். ஒருகாலத்தில் பென் டிரைவில் வாங்கி வாங்கிச் சேர்த்தோமே, அந்த 128 கிலோபிட் எம்.பி.3, இதில் பதினொன்றில் ஒரு பங்கு. மீதிப் பத்துப் பங்கு எங்கே போனது? பலமான ஒலி ஒன்று கேட்கும்போது அதற்கு அக்கம்பக்கத்துச் சுருதியில் மெலிதாக ஒலிப்பது காதில் ஏறாது. ஏறாததை எதற்குச் சேர்த்து வைப்பது என்று கழித்துவிடுவதுதான் எம்.பி.3இன் அடிப்படைச் சூத்திரம். ஃபிளாக் என்ற கோப்பு வகை எதையும் கழிப்பதில்லை. மடித்து மட்டும் வைக்கிறது. ஒரு மணி நேர ஆல்பம் அதில் 300, 400 எம்.பி. வரும்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். எம்.பி.3 செய்வதையேதான் ரயிலும் செய்கிறது. சென்னை சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, ஸ்லீப்பரில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தால், காட்பாடி வருவதற்குள் புரிந்துவிடும். பழைய 'தடக் தடக்' இப்போது அவ்வளவாக இல்லை. தண்டவாளங்களை நீளநீளமாகப் பற்றவைத்துவிட்டதால், ஸ்டேஷனை ஒட்டித் தடம் மாறுகிற இடங்களில்தான் அந்தத் தாளம் கேட்கிறது. மற்ற நேரமெல்லாம் ஒரே சீரான அடிக்குரல் உறுமல். அந்த உறுமல், இசையில் தன் உயரத்தில் இருப்பதையெல்லாம் தின்றுவிடும். கச்சேரி கேட்டால் வயலின் வரும், கஞ்சிராவின் கிண்கிணி வரும், மிருதங்கத்தின் வலந்தலையும் வரும். தொப்பி வராது. கச்சேரிக்கு முன்னால் வித்வான் ரவையைப் பிசைந்து இடது பக்கத் தோலில் அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் கிள்ளியெடுத்து, மறுபடி தட்டிப் பார்த்து ஏற்றிய அந்தக் கனம் அரக்கோணத்துக்கும் வாலாஜாவுக்கும் நடுவில் எங்கேயோ உதிர்ந்துவிடும். உள்ளங்கையை அழுத்தி இழுத்து எழுப்புகிற கும்கி போன இடம் தெரியாது. ஃபிளாக்கில் கேட்டாலும் இதே கதிதான். 1,411 கிலோபிட்டைக் கொண்டுபோய் ரயிலிடம் கொடுத்தால் அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் நமக்குத் தரும்.

அப்போது என்ன செய்கிறோம்? சத்தத்தைக் கூட்டுகிறோம். உலகச் சுகாதார நிறுவனம், பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். ரயிலை ஜெயிக்கிற அளவு சத்தம் வைத்தால் விடுமுறை முடிவதற்குள் காதுக்கு விடுமுறை கொடுக்க வேண்டியதாகிவிடும். காதுக்குள் பொருந்துகிற ரப்பர் முனை சரியான அளவில் இருந்தாலே பாதி இரைச்சல் நின்றது போல இருக்கும். பெட்டியில் கூடவே வரும் சிறியது, பெரியது இரண்டையும் போட்டுப் பார்க்காமல், நடுவில் இருப்பதை மாட்டிக்கொண்டு 'இதில் பேஸே இல்லை' என்று குறை சொல்கிறவர்கள் அதிகம். போஸ் போட்ட கணக்கும் இங்கேதான் கைகொடுக்கிறது. இரைச்சல் நீக்கும் கருவிகள் அடிக்குரல் உறுமலைத்தான் நன்றாக அடக்கும். குழந்தை அழுவதையும் டீ விற்கிறவரின் குரலையும் அவ்வளவாக அடக்காது. ரயிலுக்கு அது வரப்பிரசாதம். டீயும் தப்பாது.

அந்தக் கருவிகள் பெரும்பாலும் ப்ளூடூத். ப்ளூடூத் பாட்டை மறுபடியும் சுருக்கித்தான் அனுப்பும், ஆகவே தரம் போய்விட்டது என்று சில ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள். ரயிலில் அந்தக் கவலை வீண். அங்கே சினிமாப் பாட்டுதான் சரி. சத்தத்தில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல், தெருமுனை டீக்கடையிலும் கேட்க வேண்டும் என்று கலந்து வைத்த பாட்டுகள் அவை; ரயிலுக்கு அஞ்சமாட்டா. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாட்டுகள் என்று 'பிரியா'வின் (1978) பாட்டுகளைச் சொல்வார்கள். சிங்கப்பூரைச் சுற்றிக்காட்டிய படம் அது. ஊர் சுற்றப் போகிறவர்களுக்குப் பொருத்தம்தான். அதற்குப் பின் வந்த இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் மட்டும் என்ன செய்கிறது என்று ஒரு ராத்திரி முழுக்கப் பின்தொடர்ந்து பாருங்கள். பாடகர் ஒரு மெட்டில் போக, கீழே அது தன்பாட்டுக்கு இன்னொரு மெட்டுப் பாடிக்கொண்டிருக்கும். பல்லவி திரும்பி வரும்போது பாடகர் பாடுவது அதேதான். பேஸ் மட்டும் வேறு வழியில் இறங்கும். சுவரில் மாட்டிய ஒற்றை ஸ்பீக்கரில் இருபது வருஷம் கேட்ட பாட்டில் இப்படி ஒரு ஆள் குடியிருந்தது தெரியாமலே இருந்திருப்போம்.

ஒருமுறை நான் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, எதிர் பெர்த்தில் இருந்த மேட்டுப்பாளையத்துப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன தம்பி கேக்கறீங்க, தலை ஆடுதுங்களே?"

"ராஜா பாட்டுங்க ஐயா."

"நமக்கும் ஒண்ணு குடுங்க, பாக்கலாம்."

ஒரு பக்கத்தைக் கழற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாட்டு வருதுங்க. ஆனா வாத்தியக்காரங்க பாதிப் பேரு லீவு போட்டாப்பல இருக்குது." ஸ்டீரியோவை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. கிட்டார் இடது காதிலும் வயலின்கள் வலது காதிலும் இருக்கிற பாட்டை ஆளுக்கு ஒரு காதாகப் பங்குபோட்டால் இருவருக்குமே அரைக் கச்சேரிதான். முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்ஃபோன் மாட்ட இரண்டு துளைகள் இருந்தன. பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருவர் மட்டும் கேட்பது மரியாதை இல்லை என்று சோனியின் அகியோ மொரிட்டா நினைத்தாராம். இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டுமானால் அழுத்துவதற்கென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் உண்டு. அந்தப் பண்பு பின்னாளில் தேய்ந்துபோய்விட்டது. பெரியவரிடம் இரண்டு பக்கத்தையும் கொடுத்துவிட்டேன். ஜோலார்பேட்டை வரை திருப்பித் தரவில்லை.

மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயிலில் ஏறினால் ஹெட்ஃபோனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். இதில் சமரசமே கிடையாது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த தடம். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இரட்டைப் பற்சட்டம் ஆரம்பிக்கும். பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம். எஞ்சின் முன்னால் இழுக்காது. பின்னால் நின்று தள்ளும். ஆகவே முதல் பெட்டியில் இருப்பவர்களுக்குக் காட்டின் சத்தமும், கடைசிப் பெட்டியில் இருப்பவர்களுக்கு நீராவியின் சத்தமும் அதிகம். பற்சக்கரம் சட்டத்தில் கடித்து ஏறுகிற 'கடகட'வுக்கு மேல், எஞ்சின் மூச்சு வாங்குவது தனிக் காலத்தில் வரும். குகைக்குள் நுழைந்தால் இரண்டும் சுவரில் மோதித் திரும்பி காதை ஒட்டி ஒலிக்கும். பெட்டியில் இருக்கிற பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றால் அத்தனையும் அடங்கி, எங்கேயோ ஓடை விழுவது மட்டும் கேட்கும். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'உயிரே' (1998) படத்தின் ரயில் பாட்டை மணிரத்னம் இந்தத் தடத்தில்தான் எடுத்தார். அந்தப் பாட்டை இந்த வண்டியில் உட்கார்ந்து போனில் ஓடவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நேரில் வந்தவர் முன்னால் அவர் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருக்கிற கதை.

குன்னூர் ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம் நம் காதுக்குச் செய்கிற உபகாரத்தை எந்தச் சுற்றுலாக் கையேடும் எழுதுவதில்லை. அங்கே ராத்திரியில் மின்விசிறி ஓடாது.

இது சின்ன விஷயமில்லை. சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்கள், மின்வெட்டு நேரம் போக, ஒரு ராத்திரிகூட விசிறிச் சத்தம் இல்லாமல் இருந்ததில்லை. விசிறி இல்லையென்றால் ஏ.சி. அதுவும் இல்லையென்றால் பக்கத்து வீட்டு மோட்டார். இதற்கெல்லாம் காது பழகிவிட்டதால் அந்தச் சத்தம் இருப்பதே நமக்குத் தெரியாது. ஆனால் இசைக்குத் தெரியும். ரயில் பெரிதாகச் செய்வதை விசிறி சின்னதாக, வருஷம் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது. குன்னூரில் ராத்திரி பத்து மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டால், வெளியே சிள்வண்டும் எப்போதாவது மலைப்பாதையில் கியர் மாற்றுகிற லாரியும் மட்டும்தான். ஃபிளாக் கோப்பையும் வயர் உள்ள நல்ல இயர்ஃபோனையும் அப்போது எடுங்கள். போனில் துளை இல்லையென்றால் இரண்டு விரல் நீளத்தில் ஒரு டாங்கிள் போதும். இயர்ஃபோன் வயர் சட்டையில் உரசினால் அந்தச் சரசரப்பு காதுக்குள் வந்துவிடும். காதின் மேலாகச் சுற்றிப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். சத்தத்தைப் பாதிக்கும் கீழே வைத்தாலே போதும். அதுவே ஆச்சரியமாக இருக்கும்.

எம்.டி. ராமநாதனை (1923-1984) அங்கே வைத்துக் கேட்க வேண்டும். டைகர் வரதாச்சாரியாரின் சீடர், கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்தவர். ஆண்குரல்களிலேயே மிகத் தாழ்ந்த சுருதி. அதிலும் மந்தர ஸ்தாயிக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்கிற பழக்கம். ரயிலில் அவரைப் போட்டால் உறுமலோடு உறுமலாகக் கரைந்துபோவார். விசிறி ஓடுகிற அறையில்கூட அவருடைய கீழ் ஷட்ஜம் ஓரளவுதான் வரும். குன்னூரில் அவர் சஹானாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும்போது, குரலின் ஓரம் மரப்பலகை மாதிரி சொரசொரப்பது வரை கேட்கிறது. ஒரு ஸ்வரத்தில் வந்து நின்றால் அது சட்டென்று நின்றுவிடுவதில்லை. மூச்சு தீரத் தீர மெலிந்து, கடைசியில் குரல் போய் காற்று மட்டும் வருகிற ஒரு கணம் உண்டு. பிறகு விட்டுவிடுவார். வேகமாகப் பாடுகிறவர்கள் நிரப்பிவிடுகிற இடத்தில் அவர் ஒன்றும் செய்யாமல் இருப்பார். பொறுமையில்லாதவர்கள் அவரைத் தூங்குமூஞ்சி என்பார்கள். சொல்லட்டும்.

அவர் விடுகிற அந்த இடைவெளியில்தான் தம்புரா கேட்கும். தம்புரா மைக்குக்குப் பக்கத்தில் இருந்த பதிவாகப் பார்த்து எடுங்கள். பஞ்சமம், ஷட்ஜம், ஷட்ஜம், மந்தர ஷட்ஜம் என்று நான்கு தந்திகள். குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஜீவாளி என்று ஒரு துண்டு நூல். அதைச் சோற்றுப்பருக்கை அளவு முன்னே பின்னே நகர்த்தினாலே நாதம் மூடிக்கொள்ளும், அல்லது மலரும். சரியாகச் சுருதி சேர்ந்த தம்புராவில், கடைசி மந்தர ஷட்ஜத்தை மீட்டியதும், ஒரு நொடி கழித்து மேலே காந்தாரம் ஒன்று தானாக எழும்பும். யாரும் அதை மீட்டவில்லை. அதற்கென்று தந்தியும் இல்லை. ஒரு தந்தி அதிரும்போது அதன் ஐந்து மடங்கு அதிர்வெண்ணும் கூடவே பிறக்கிறது. அதுதான் இந்தக் காந்தாரம். சுயம்பு காந்தாரம் என்பார்கள். மிக மெலிதானது, முழுக்க எழும்புவதற்குள் அடுத்த சுற்றுப் பஞ்சமம் வந்துவிடும். சபாவில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து கேட்க முடியாத ஒன்று, மலையில் ஒரு வாடகை அறையில், காதோரம் வந்து நிற்கிறது. தரமான ஒலி என்று சொல்லிக்கொண்டு திரிகிற எல்லாமும் இந்த ஒரு ஸ்வரத்துக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது.

ராமநாதனின் பதிவுகள் பலவற்றில் நாடா இரைச்சல் உண்டு. நல்ல இயர்ஃபோன் அதையும் எடுத்துக் கொடுக்கும். போட்டதும் 'உஸ்' என்று தொடங்கும். சில நிமிஷத்தில் காது அதைத் தள்ளிவைத்துவிடும். பளிங்கு மாதிரி துல்லியமாகப் பதிவான சப்பைக் கச்சேரியைவிட இந்த 'உஸ்' எத்தனையோ மேல்.

தூக்கம் வரவில்லை என்றால் 'ஹௌ டு நேம் இட்' (1986). இளையராஜா தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாகுக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம். தனி வயலின் வி.எஸ். நரசிம்மன். பாலுமகேந்திரா 'வீடு' (1988) படத்துக்குப் பின்னணியாக எடுத்துக்கொண்டதும் இதைத்தான். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற துண்டுக்குப் போகுமுன் பாகின் மூலத்தை ஒருமுறை கேட்டுவிடுங்கள்: தனி வயலினுக்கான மூன்றாம் பார்டிட்டாவின் பிரெலூட். 1720ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது. நாலு நிமிஷத்துக்குள் அடங்குகிற ஒரே ஓட்டம். அதில் தொடக்கத்திலேயே ஓர் இடம் வரும். ஒரே ஸ்வரத்தை, விரல் வைக்காத தந்தியில் ஒருமுறை, பக்கத்துத் தந்தியில் விரல் வைத்து ஒருமுறை என்று வில் மாறி மாறி வாசிக்கும். சுருதி ஒன்றுதான், நிறம் இரண்டு. திறந்த தந்தியில் வருவது பளீரென்று இருக்கும்; விரல் வைத்ததில் வருவது கொஞ்சம் மூடினாற்போல் இருக்கும். மட்டமான ஒலியில் இரண்டும் ஒன்றாகிவிடும். யாரோ ஒரே ஸ்வரத்தைச் சளைக்காமல் தேய்க்கிறார்கள் என்று தோன்றும். விசிறி ஓடாத அறையில் இரண்டு வயலின்கள் பேசிக்கொள்வது போலவே இருக்கிறது.

ராஜா அந்த ஓட்டத்தைத் தன் போக்கில் போகவிட்டு, அதைச் சுற்றித் தன் தந்தி வாத்தியங்களை எழுதுகிறார். விருந்தாளி பேசிக்கொண்டே இருக்க, வீட்டுக்காரர் குறுக்கே பேசாமல் அவர் பேச்சுக்கு அர்த்தம் சேர்க்கிறார். பெரியவர் எழுதியதில் கை வைக்கலாமா என்று அந்தக் காலத்தில் முகம் சுளித்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் பாகே 1731இல் அதே பிரெலூடை எடுத்து, ஆர்கனுக்குக் கொடுத்து, சுற்றிலும் எக்காளமும் முரசுமாக ஒரு முழு வாத்தியக் குழுவைச் சேர்த்து, லைப்சிக் நகரசபைக்காக எழுதிய கான்டாட்டா ஒன்றுக்கு முகப்பாக வைத்துவிட்டார். மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாகின் ஆர்கன் வடிவம் கம்பீரம். எனக்கு ராஜா வீட்டுச் சந்திப்புத்தான் அதிகம் பிடிக்கிறது. அங்கே பிரெலூட் பக்கத்தில் இருந்து கேட்கிறது.

கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டிய பாட்டை எல்லாம் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்லாறுக்கு மேலே சிக்னலை நம்ப முடியாது. ஆயிரம் பாட்டு வேண்டாம், நாலைந்து ஆல்பம் போதும். ரயிலில் இயர்ஃபோன் இல்லாமல் சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது என்று 2022 ஜனவரியில் ரயில்வே உத்தரவே போட்டிருக்கிறது. பெட்டியில் பாதிப் பேருக்கு அது தெரியாது. ராத்திரி பத்து மணிக்குமேல் ரீல்ஸ் ஓடவிடுகிற புண்ணியவான் பக்கத்தில் இருந்தால், சண்டை வேண்டாம், உங்கள் பையில் உபரியாகக் கிடக்கிற பழைய இயர்ஃபோனை அவரிடம் நீட்டுங்கள். பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.